ஆர்க்னி–ஷெட்லாந்து: இவ்வளவு சிறிய தொகுதிக்கு ஏன் தனி எம்.பி.?

கேள்வி இதுதான்: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆர்க்னி–ஷெட்லாந்து தொகுதி மற்ற பெரும்பாலான தொகுதிகளில் இருப்பதில் பாதி அளவு வாக்காளர்கள்கூட இல்லாமல் எப்படி நீடிக்கிறது? அங்கே எப்போதும் லிபரல்களே ஜெயிப்பது ஏன்?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில் உண்டு. சட்டமே அதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. இரண்டாவது பாதிக்கு அப்படி ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. "எப்போதும்" என்பதும் முழுக்கச் சரியில்லை. 1900இலும் 1935இலும் லிபரல்கள் அங்கே தோற்றிருக்கிறார்கள். ஆனாலும் 1837க்குப் பிறகு அந்த இரண்டு இடைவெளிகளைத் தவிர, லிபரல் கட்சியின் முன்னோடியான விக், லிபரல், அதன் வாரிசான லிபரல் டெமாக்ராட் என்று ஒரே மரபைச் சேர்ந்தவர்களிடம்தான் அந்த இடம் இருந்து வந்திருக்கிறது. இதை வெறும் பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புதலில்லை. அந்தத் தீவுகளின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால் காரணம் தெரியும்.

இடம் எங்கே என்பதை முதலில் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், ஒரு குறுகிய, கொந்தளிப்பான நீரிணையைத் தாண்டினால் ஆர்க்னி. அதன் தலைநகர் கர்க்வால். இன்னும் வடகிழக்கே திறந்த கடலைக் கடந்தால் ஷெட்லாந்து, தலைநகர் லெர்விக். லெர்விக்கிலிருந்து எடின்பரோவைவிட நார்வேயின் பெர்கன் நகரம் பக்கம். ஆர்க்னி தாழ்வான, வளமான புல்வெளி. மாடு வளர்ப்பும் பயிரும்தான் அங்கே பிழைப்பு. ஷெட்லாந்து பாறையும் விளையாத சதுப்பு நிலமும். அங்கே கடல்தான் சோறு போட்டது. ஆர்க்னிக்காரர் படகு வைத்திருக்கும் விவசாயி, ஷெட்லாந்துக்காரர் துண்டு நிலம் வைத்திருக்கும் மீனவர் என்று அந்தப் பக்கத்தில் சொல்வது வழக்கம். இரண்டும் ஒரே மாதிரியான ஊர்கள் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகுதியின் வரலாற்றில் பாதி அந்த வித்தியாசத்திலிருந்து வந்தது.

இந்தத் தீவுகள் ஸ்காட்லாந்துக்கு வந்த விதமே தனி. 1468இல் டென்மார்க்–நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுக்க ஒப்பந்தம் செய்தார். சீர்ப்பணம் கையில் இல்லை. அதனால் ஆர்க்னியை 50,000 ஃப்ளோரினுக்கும், மறு வருடம் ஷெட்லாந்தை 8,000 ஃப்ளோரினுக்கும் அடகு வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை. 1472இல் ஸ்காட்லாந்து அரசு தன்னோடு சேர்த்துக்கொண்டது. நார்ஸ் காலத்து நிலச் சட்டம், ஊர்ப் பெயர்கள், நார்ன் என்ற மொழியின் சொற்கள் எல்லாம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தங்கியிருந்தன. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலக் குலங்கள், கேலிக் மொழி, கட்டம் போட்ட உடை ஆகிய எதிலும் இவர்களுக்குப் பங்கில்லை.

1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தபோது, இரண்டு தீவுக்கூட்டங்களுக்கும் சேர்த்து ஒரு எம்.பி. என்று வகுத்தார்கள். இங்கே ஒரு பெரிய அநியாயம் நடந்தது. அன்று ஸ்காட்லாந்துக் கிராமப்புறத் தொகுதிகளில் வாக்குரிமை என்பது, அரசிடமிருந்து நேரடியாக நிலம் பெற்று, அந்த நிலம் பழைய வரிப் பதிவேட்டில் குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ஷெட்லாந்து நிலம் அப்படி மதிப்பிடப்படவே இல்லை. மதிப்பீடு இல்லாததால் ஷெட்லாந்தில் ஒரே ஒரு வாக்காளர்கூடக் கிடையாது. தொகுதியின் பெயரில் ஷெட்லாந்து இருந்தது, தேர்தலில் இல்லை. 1832இன் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, இதுதான் நிலைமை. இன்று ஷெட்லாந்துக்காரர்கள் எடின்பரோவையும் லண்டனையும் ஒரே மாதிரி சந்தேகத்தோடு பார்ப்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆர்க்னியில் வாக்குரிமை இருந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். அவர்களும் தீவுகளின் பண்ணை உரிமை யார் கையில் இருந்ததோ அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். முதலில் மோர்ட்டன் பிரபுக்களின் டக்ளஸ் குடும்பம். அவர்களுடைய உறவினர்களே அடுத்தடுத்து எம்.பி.க்கள் ஆனார்கள். 1766இல் மோர்ட்டன் பிரபு இந்த உரிமையை சர் லாரன்ஸ் டண்டாஸுக்கு விற்றுவிட்டார். டண்டாஸ் ராணுவத்துக்குச் சரக்கு சப்ளை செய்து பெரும் பணம் சேர்த்தவர். நிலம் கைமாறியதோடு எம்.பி. இடமும் கைமாறியது. 1768 தொடங்கி நூறு வருடத்துக்கு மேல், இடையிடையே உள்ளூர்க் குடும்பங்கள் எதிர்த்து நின்று ஜெயித்தாலும், டண்டாஸ் என்ற பெயர் இந்தத் தொகுதியின் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் குடும்பத்தின் செல்வாக்கு எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். கர்க்வால் நகரம் அப்போது தீவுத் தொகுதியில் சேரவில்லை. பெருநிலத்தின் வடக்கத்திய சிறு நகரங்களோடு சேர்த்து அது தனித் தொகுதியாக இருந்தது. 1784இல், பிரதமர் பிட்டின் பெரும் எதிரியான சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நின்றார். வாக்கெடுப்பு முடிந்தும் முடிவு அறிவிக்கப்படாமல் ஆய்வு என்று இழுத்தடித்தார்கள். அவர் சபைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான் என்று எதிரிகள் நினைத்தபோது, சர் லாரன்ஸின் மகன் தாமஸ் டண்டாஸ் இந்த வடக்கு நகரத் தொகுதியை அவருக்கு எடுத்துக் கொடுத்தார். பிரிட்டிஷ் அரசியலின் மிகப் பெரிய பேச்சாளர் ஒருவர் அப்படித்தான் கர்க்வாலின் உறுப்பினராக அந்தச் சபையில் உட்கார்ந்தார். கர்க்வால் மக்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இன்னொரு சின்னச் செய்தி, நம் ஊர் வாசகர்களுக்காக. டண்டாஸ் குடும்பத்துக்குப் பின்னால் கிடைத்த ஜெட்லாந்து பிரபு என்ற பட்டத்தில் உள்ள ஜெட்லாந்து, ஷெட்லாந்தின் பழைய பெயர்தான். அந்தப் பட்டத்தின் வழி வந்தவர்தான் 1935 முதல் 1940 வரை இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சராக லண்டனில் இருந்தார். 1940 மார்ச்சில் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங் சுட்டபோது பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ'ட்வையர் இறந்தார். அதே மேடையில் காயமடைந்தவர்களில் இந்த ஜெட்லாந்து பிரபுவும் ஒருவர்.

சரி, தொகுதிக்கு வருவோம். 1832க்குப் பிறகு ஷெட்லாந்துக்கும் வாக்கு கிடைத்தது. 1837இல் ஃப்ரெடரிக் டண்டாஸ் ஜெயித்தார். ஆனால் 1847இல் வந்தவர் வேறு மாதிரி ஆள். ஆர்தர் ஆண்டர்சன், லெர்விக் பக்கத்து கிரெமிஸ்டாவில் பிறந்தவர். சிறு வயதில் கடற்கரையில் மீன் காய வைக்கும் வேலை பார்த்தவர். பிறகு கடற்படை, லண்டன், கப்பல் கம்பெனி. பி அண்ட் ஓ என்று உலகம் முழுக்கத் தெரிந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1840களில் சூயஸிலிருந்து இலங்கையின் காலிக்கும் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் நீராவிக் கப்பல் விட்டது அந்த நிறுவனம்தான். அவர் தன் தீவுகளுக்குச் செய்தது அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஷெட்லாந்துக்கென்று ஒரு பத்திரிகையை 1836இல் தொடங்கினார். நிலக்கிழார்களின் பிடியில் சிக்காமல் மீனவர்கள் பிடித்ததை விற்க ஒரு மீன்பிடி நிறுவனத்தை ஏற்படுத்தினார். லெர்விக்கில் பள்ளிக்கூடம் கட்டினார். ஐந்து வருடம்தான் எம்.பி.யாக இருந்தார். 1852இல் டண்டாஸ் திரும்பி வந்து, 1872இல் இறக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின் 1873இல் வந்த சாமுவேல் லேங் ரயில்வே நிறுவனம் நடத்தியவர். அதற்கு முன் கல்கத்தாவில் வைஸ்ராய் அரசின் நிதிப் பொறுப்பிலும் இருந்தவர்.

ஆண்டர்சன் எதை எதிர்த்தார் என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஷெட்லாந்தில் குத்தகைக்காரருக்கு வீடும் நிலமும் கிடைப்பது நிலக்கிழாருக்கு மீன் பிடித்துத் தருவோம் என்ற நிபந்தனையின் பேரில். ஆறு துடுப்புப் படகில் கரை மறையும் தூரம்வரை போய்ப் பிடிக்கும் மீனை, அவர் சொன்ன விலைக்கு அவரிடமோ அவருடைய வியாபாரியிடமோதான் கொடுக்க வேண்டும். மாவும் தூண்டில் கயிறும் துணியும் அதே வியாபாரியின் கடையில்தான் வாங்க வேண்டும். பெண்கள் பின்னிய சால்வைக்கும் காலுறைக்கும் பணம் கிடையாது, தேயிலையும் துணியும்தான். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். இதைப் பற்றி அரசு நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1872இல் வந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் மீனவர்களும் பின்னல் வேலைப் பெண்களும் சொன்ன சாட்சியங்கள் அதில் இருக்கின்றன. அதே 1872இல்தான் ரகசிய வாக்கெடுப்புச் சட்டமும் வந்தது. அதற்கு முன் வாக்கு என்பது எல்லார் முன்னாலும் வாய்திறந்து சொல்வது. கடையும் நிலமும் ஒரே ஆளிடம் இருக்கும் ஊரில் அதன் அர்த்தம் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ரகசிய வாக்கு மட்டும் போதாது. குத்தகைக்காரர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. 1884இன் சட்டம் கிராமப்புறத்தில் வீடு வைத்திருக்கும் ஆண்களுக்கெல்லாம் வாக்குரிமை கொடுத்தபோதுதான் கணக்கு மாறியது.

அந்த மாற்றத்தின் முகம் ரவ்சி தீவில் தெரிந்தது. ஆர்க்னியின் ரவ்சி ஜெனரல் ட்ரெயில்-பரோஸ் என்பவரின் சொத்து. 1857இல் லக்னோவில் சண்டையிட்டுப் பேர் வாங்கியவர். ஊரில் குத்தகைக்காரர்களை வாடகை ஏற்றியே கசக்கினார். 1883இல் ஸ்காட்லாந்துச் சிறு குத்தகை விவசாயிகளின் நிலைமையை விசாரிக்க அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை மதராஸ் ஆளுநராக இருந்த அதே நேப்பியர்தான். சென்னையில் கூவம் கடலில் சேரும் இடத்துப் பாலத்துக்கு அவர் பெயர்தான் இருக்கிறது. குழு கர்க்வாலுக்கு வந்தபோது ரவ்சியிலிருந்து சிலர் சாட்சி சொல்லப் போனார்கள். அவர்களில் ஜேம்ஸ் லெனார்ட் என்ற கொத்தனார், சாட்சி சொல்வதற்காக எங்களைப் பழிவாங்க மாட்டேன் என்று ஜெனரல் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஜெனரல் மறுத்தார். மறுத்ததோடு நிற்கவில்லை, லெனார்டைக் குடும்பத்தோடு வீட்டைவிட்டு வெளியேற்றினார்.

இந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவியது. 1885 தேர்தலில், புதிதாக வாக்குப் பெற்ற விவசாயிகளும் மீனவர்களும் மேட்டுநிலத் தொகுதிகள் பலவற்றில் நில உரிமைக்காரர்களின் வேட்பாளர்களைத் தோற்கடித்தார்கள். ஆர்க்னி–ஷெட்லாந்தில் அந்த வருடம் ஜெயித்தவர் லிபரல் லியோனார்ட் லயல். அடுத்த வருடம் பிரதமர் கிளாட்ஸ்டனின் லிபரல் அரசு கிராஃப்டர்கள் எனப்பட்ட இந்தச் சிறு குத்தகைக்காரர்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. வாடகை கட்டும்வரை வெளியேற்ற முடியாது, நியாயமான வாடகையை ஒரு ஆணையம் தீர்மானிக்கும், வாரிசுக்கு உரிமை போகும். ஆணையம் தீவுகளுக்கு வந்து வாடகைகளைக் குறைத்தது. சேர்ந்த பாக்கியில் பெரும்பங்கைத் தள்ளுபடி செய்தது. பேரனுக்குத் தாத்தா சொல்லும் கதையாக அது தங்கிவிட்டது. நிலக்கிழாரின் கட்சி எது, வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்த கட்சி எது என்ற நினைவு அங்கே இரண்டு மூன்று தலைமுறைக்கு நின்றது. லிபரல் பற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது 1886ஐத்தான்.

அந்தப் பற்றும் குருட்டுத்தனமானது அல்ல. 1900இல் போயர் போர்க் காலத் தேர்தலில் லயல் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்தவர் கேத்கார்ட் வேசன், நியூசிலாந்தில் பண்ணை நடத்தி அங்கே நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், லிபரல்களிடமிருந்து பிரிந்து கன்சர்வேட்டிவ்களோடு கூட்டு வைத்த லிபரல் யூனியனிஸ்ட் கட்சிக்காரர். இரண்டே வருடத்தில் தன் கட்சியோடு ஒத்துப்போகாமல் விலகினார். விலகியதோடு பதவியையும் ராஜினாமா செய்துவிட்டு மக்களிடமே திரும்பப் போனார். 1902 இடைத்தேர்தலில் சுயேச்சை லிபரலாக நின்று, பழைய கட்சியின் வேட்பாளரையும் அதிகாரபூர்வ லிபரல் வேட்பாளரையும் சேர்த்துத் தோற்கடித்தார். பிறகு லிபரல் கட்சியில் சேர்ந்து 1921இல் இறக்கும்வரை எம்.பி.யாக இருந்தார். கட்சி மாறும்போது வாக்காளரிடம் மறுபடி போய் நின்ற அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். இன்றும் அது அரிதாகத்தான் நடக்கிறது.

1918இல் கர்க்வாலும் தீவுத் தொகுதியில் சேர்ந்தது. அன்று அமைந்த எல்லை இன்றுவரை மாறவில்லை. 1922 முதல் 1935 வரை சர் ராபர்ட் ஹாமில்டன் லிபரலாக இருந்தார். 1935இல் யூனியனிஸ்ட் கட்சியின் (ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ்களின் அன்றைய பெயர்) பேசில் நெவன்-ஸ்பென்ஸ் ஜெயித்தார். அவர் ஷெட்லாந்துக்காரர், மருத்துவர், ராணுவத்தில் இருந்தவர். 1945இல் மூன்று வேட்பாளர்களுக்கும் வாக்கு ஏறத்தாழ மூன்றாகப் பிரிந்தது. நெவன்-ஸ்பென்ஸ் 329 வாக்கில் தப்பினார். இரண்டாவதாக வந்தவர் ஜோ கிரிமண்ட் என்ற இளைஞர்.

கிரிமண்ட் இந்தத் தொகுதியின் வரலாற்றில் தனி அத்தியாயம். செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்து ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர். மனைவி லாரா, முன்னாள் பிரதமர் ஆஸ்குவித்தின் பேத்தி. பார்த்தால் மீனவர்களோடும் மாட்டுக்காரர்களோடும் ஒட்டாத பின்னணி. ஆனால் 1950இல் ஜெயித்து ஆர்க்னியிலேயே குடியேறி 33 வருடம் அந்த இடத்தை வைத்திருந்தார். லிபரல் கட்சி அப்போது அழியும் நிலையில் இருந்தது. 1951 தேர்தலில் நாடு முழுக்க ஆறே இடங்கள். அந்த ஆறில் ஒன்று இந்தத் தீவுகள். 1956இல் கிரிமண்ட் கட்சித் தலைவரானார். 1967 வரை அந்தப் பொறுப்பில் இருந்து, லேபருக்கும் கன்சர்வேட்டிவுக்கும் வெளியே ஒரு சிந்தனை மரபு தாக்குப்பிடிக்கும்படி செய்தார். பிரிட்டனில் லிபரல் கட்சி இன்று உயிரோடு இருக்கிறது என்றால் அதில் ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் பெரிய பங்கு உண்டு. லாராவும் சும்மா இருக்கவில்லை. 1970களில் ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னஸ் பக்கம் யுரேனியம் தோண்டலாம் என்ற பேச்சு வந்தபோது அதை எதிர்த்து நின்றவர்களில் அவர் முன்னணியில் இருந்தார்.

கிரிமண்ட் காலத்தில் தீவுகளுக்கு மூன்று பெரிய சோதனைகள் வந்தன. மூன்றும் ஒரே கேள்வியின் வடிவங்கள்தான்: தீர்மானிப்பது யார்?

முதலாவது உள்ளாட்சி. 1969இல் வந்த அரசுக் குழுவின் பரிந்துரைப்படி, ஆர்க்னியும் ஷெட்லாந்தும் பெருநிலத்து நகரமான இன்வர்னெஸ்ஸை மையமாகக் கொண்ட பெரிய மேட்டுநில மண்டலத்துக்குள் போயிருக்கும். கடலையும் கிழக்கே நார்வேயையும் பார்த்து வாழும் ஊர்களின் பள்ளிக்கூடமும் சாலையும் இன்வர்னெஸ்ஸில் முடிவாகியிருக்கும். தீவுகள் விடவில்லை. 1973 சட்டத்தில் அவற்றுக்குத் தனித்தனித் தீவு மன்றங்கள் கிடைத்தன. 1975இல் அவை நடைமுறைக்கு வந்தன.

இரண்டாவது எண்ணெய். ஷெட்லாந்துக்கு வடகிழக்கே 1971இல் ப்ரென்ட் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. கம்பெனிகள் சல்லம் வோ என்ற ஆழமான கடற்கழியைக் குறிவைத்தன. நிலத் தரகர்கள் வந்து இறங்கினார்கள். ஷெட்லாந்து மாவட்ட மன்றம் காத்திருக்கவில்லை. தனக்கென்று ஒரு தனி மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனது. நிலத்தைக் கட்டாயமாக வாங்கும் அதிகாரம், துறைமுகத்தின் மீது முழு அதிகாரம், எண்ணெயிலிருந்து வரும் பணத்தைச் சேர்த்துவைக்கும் உரிமை என்று அதில் கேட்டிருந்தார்கள். கிரிமண்ட் அந்த மசோதாவைச் சபையில் முன்னெடுத்துச் சென்றார். 1974இல் அது சட்டமானது. ஆர்க்னிக்கும் அதே வருடம் ஒரு சட்டம். சில ஆயிரம் மீனவர்களும் விவசாயிகளும் கொண்ட ஒரு மன்றம், உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்களை மேஜைக்கு எதிரே உட்கார வைத்துத் தன் நிபந்தனையைச் சொன்னது. 1978இல் சல்லம் வோவுக்கு எண்ணெய் வந்தது. இந்தப் பணத்தில்தான் பிறகு ஷெட்லாந்தின் முதியோர் இல்லங்களும் நீச்சல்குளங்களும் கிராமச் சாலைகளும் வந்தன. வளம் கிடைத்த பல நாடுகள் செய்யத் தவறியதை ஒரு மாவட்ட மன்றம் செய்தது. தொகுதியின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மூன்றாவது, ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் என்ற பேச்சு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இங்கேதான் பெரும்பாலும் குழம்புகிறார்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு அதிகாரம் வந்தால் தீவுகள் சந்தோஷப்பட வேண்டாமா? தீவுகளின் கண்ணில் எடின்பரோவும் தூரத்துத் தலைநகரம்தான். அங்கே கிளாஸ்கோ சுற்றுவட்டார வாக்குகள் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற பயம் வேறு. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி "இது ஸ்காட்லாந்தின் எண்ணெய்" என்று பிரசாரம் செய்துகொண்டிருந்த காலம் அது. எண்ணெய் வந்து இறங்குவது எங்கள் கரையில் அல்லவா என்று ஷெட்லாந்து கேட்டது. கிரிமண்ட் அதிகாரப் பரவலை ஆதரித்தவர். ஆனாலும் தன் வாக்காளர்களுக்காக 1978இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றிக் காட்டினார். அதன் சாரம், ஆர்க்னியோ ஷெட்லாந்தோ வேண்டாம் என்று வாக்களித்தால் அவற்றின் எதிர்காலத்தைத் தனியாக ஆராய ஒரு ஆணையம் வர வேண்டும் என்பது. 1979 மார்ச் வாக்கெடுப்பில் இரண்டு இடங்களிலும் பத்தில் ஏழு பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். ஸ்காட்லாந்து முழுக்க எடுத்தாலும், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்ற வரம்பை எட்டாததால் திட்டமே விழுந்தது.

இந்தத் தனி உணர்வு 1975லேயே தெரிந்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் தொடர வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் பிரிட்டன் முழுக்க இரண்டே பகுதிகள்தான் வேண்டாம் என்றன. ஒன்று ஷெட்லாந்து, இன்னொன்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள மேற்குத் தீவுகள். தங்கள் மீன்வளத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள் என்பது காரணம். ஆர்க்னி அன்று வேண்டும் என்றது. ஒரே தொகுதிதான், பதில்கள் இரண்டு.

1983இல் கிரிமண்ட் ஓய்வு பெற்றார். 28 வயது ஜிம் வாலஸ் வந்தார். 1987 தேர்தலில் ஆர்க்னி ஷெட்லாந்து இயக்கம் என்று சுயாட்சி கேட்கும் ஒரு அமைப்பு வேட்பாளரை நிறுத்தியது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது. சுமார் 14 சதவீத வாக்குகள் கிடைத்தன. ஜெயிக்கவில்லை என்றாலும் அந்தக் குரலை வாலஸ் கவனித்தார். 1999இல் எடின்பரோவில் நாடாளுமன்றம் அமைந்தபோது ஆர்க்னிக்கு ஒன்று, ஷெட்லாந்துக்கு ஒன்று என்று தனித்தனி இடங்கள் கிடைத்தன. வாலஸே ஆர்க்னியிலிருந்து அங்கே போய், ஸ்காட்லாந்தின் முதல் துணை முதல்வர் ஆனார்.

2001இல் லண்டன் நாடாளுமன்ற இடத்துக்கு வந்தவர் ஆலிஸ்டர் கார்மைக்கேல். 2015இல் அவர் ஏறத்தாழ விழுந்தார். அந்த வருடம் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 59 இடங்களில் 56ஐப் பிடித்த அலையில் அவர் 817 வாக்கில் தப்பினார். அதற்குப் பிறகுதான் பிரச்சினை வெடித்தது. அன்றைய ஸ்காட்லாந்து முதல்வர் நிக்கோலா ஸ்டர்ஜனைப் பற்றிய ஓர் அரசுக் குறிப்பு தேர்தலுக்கு முன் பத்திரிகைக்குக் கசிந்திருந்தது. கார்மைக்கேல் அப்போது ஸ்காட்லாந்துக்கான அமைச்சர். கசிவு பற்றித் தனக்கு முன்பே தெரியாது என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். தேர்தலுக்குப் பிறகு வந்த விசாரணையில், அவருடைய அனுமதியோடுதான் அவருடைய ஆலோசகர் கொடுத்தார் என்று தெரிந்தது. தொகுதி வாக்காளர்கள் நான்கு பேர் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசம்பர் 2015இல் தீர்ப்பு வந்தது. அவர் சொன்னது பொய்தான். ஆனால் சட்டம் தண்டிப்பது ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட குணம் பற்றிய பொய்யை. இது அந்த வகையில் சேரும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளினார்கள். சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நான்கு பேர் செய்தது வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு எம்.பி. வாக்காளர்களுக்கு உண்மை சொல்லக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்ற வாசலில் போய்க் கேட்க யாராவது வேண்டும். கார்மைக்கேல் 2017, 2019, 2024 தேர்தல்களிலும் ஜெயித்தார்.

தூரமும் கடலும் சிறு விவசாயமும் இருந்தால் லிபரல்தான் ஜெயிக்கும் என்று யாராவது பொதுவிதி சொன்னால், மேற்குத் தீவுகளைப் பாருங்கள். அதுவும் கிராஃப்டர்கள் நாடுதான். 1918இல் தனித் தொகுதியானது. 1935 முதல் 35 வருடம் லேபர். 1970இல் டொனால்ட் ஸ்டூவர்ட் மூலம் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி ஒரு பொதுத் தேர்தலில் ஜெயித்த முதல் இடம். பிறகு லேபர், மறுபடி தேசியக் கட்சி, 2024இல் மறுபடி லேபர். அங்கே கேலிக் மொழி இருக்கிறது, ஸ்காட்லாந்து என்ற தேசிய உணர்வு இயல்பாக ஒட்டுகிறது. ஆர்க்னியிலும் ஷெட்லாந்திலும் அது ஒட்டவில்லை. லேபரின் தொழிற்சங்க அடித்தளமும் பெரிதாக இல்லை, கன்சர்வேட்டிவ் என்றால் நிலக்கிழார் நினைவு. மையத்தில் அதிகாரம் குவியக் கூடாது என்று பேசும், தானும் சிறிய கட்சியான லிபரல் அவர்களுக்குப் பொருந்தியது. ஒருவரையொருவர் முழுக்க நம்பாத இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவில் இரண்டு பக்கமும் ஏற்கக்கூடிய ஆளாகவும் லிபரல் எம்.பி. இருந்தார்.

இனி முதல் கேள்விக்கு. 2011 சட்டமும் 2020 சட்டமும் தொகுதிகளின் அளவை இறுக்கிக் கட்டின. 2023 மறுவரையறையில் ஒரு தொகுதிக்கு இலக்கு 73,393 வாக்காளர்கள், ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம். ஆனால் சில தீவுகளுக்குப் பெயர் சொல்லி விலக்கு உண்டு. ஆர்க்னி–ஷெட்லாந்து அவற்றில் ஒன்று. சுமார் 34,000 வாக்காளர்கள். இதற்கு முன்பும், 2005இல் ஸ்காட்லாந்தின் இடங்கள் 72இலிருந்து 59 ஆகக் குறைந்தபோது இது தொடப்படவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்பதை நம்புகிறவர்களுக்கு இது உறுத்தும். எதிர்ப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் மாற்று என்ன? எண்ணிக்கையை நிரப்ப வேண்டுமென்றால் பெருநிலத்தின் கெய்த்னஸையும் சதர்லாந்தையும் சேர்த்தாக வேண்டும். சேர்த்தும் போதாமல் தெற்கே நீள வேண்டும். ஷெட்லாந்தின் வடமுனை அன்ஸ்டிலிருந்து இன்வர்னெஸ் வாசல் வரை ஒரே எம்.பி. அந்தத் தொகுதியில் பெரும்பான்மை பெருநிலத்தில் இருக்கும், வேட்பாளரும் அங்கேதான் நேரம் செலவழிப்பார். இப்போதே தொகுதிக்குள் ஒரு சுற்று வர படகும் சிறு விமானமும் வானிலையின் தயவும் வேண்டும். ஃபேர் ஐல், ஃபூலா மாதிரி தீவுகளுக்குப் பல நாள் போக்குவரத்தே நின்றுவிடும். வாக்கு எண்ணுவது கர்க்வாலில்; ஷெட்லாந்தின் பெட்டிகள் விமானத்தில் வந்து சேர வேண்டும். வாக்கின் எண்ணிக்கைச் சமத்துவத்தை விட்டுக்கொடுத்துப் பிரதிநிதியை அணுகும் வாய்ப்பைக் காப்பது இங்கே நியாயமான பேரம் என்பது என் முடிவு.

ஷெட்லாந்தில் சிலருக்கு இதுவும் போதாது. எடின்பரோவில் தங்களுக்குத் தனி இடம் இருக்கும்போது லண்டனில் இன்னும் ஆர்க்னியோடு சேர்த்துத்தான் ஒரு இடம் என்பது அவர்களுக்குக் குறை. அந்தக் குறைக்கு அடிப்படை உண்டு. 1950இல் நெவன்-ஸ்பென்ஸ் தோற்ற பிறகு வந்த மூன்று எம்.பி.க்களில் ஒருவர் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர், ஒருவர் தெற்கே ஆனன் ஊர்க்காரர், ஒருவர் மேற்குக் கரையின் ஐலா தீவுக்காரர். மூவருமே இங்கே வந்து குடியமர்ந்தது ஆர்க்னியில்தான்.